அணைந்ததுபோல் கிடந்த மடிக்கணினி: ஹைபர்நேட்டுக்கும் ரெஸ்யூமுக்கும் நடுவே ஒரு ‘ரீட்-ஒன்லி’ மவுண்ட்

நான் கணினிப் பராமரிப்பு பார்க்கும் ஒரு சிறிய வணிக அலுவலகத்தில் நடந்தது இது. கணக்கு பார்க்கும் அக்காவின் மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. நினைவகம் 8 ஜிபி. ரூட் (இயங்குதளம்), ஹோம் (பயனரின் கோப்புகள்) இரண்டும் வட்டின் ஒரே பகிர்வில்; அதன் கோப்பு முறைமை எக்ஸ்ட்4. நினைவகத்தில் இருப்பதை வட்டில் வைக்க உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பகிர்வு. வட்டு என்கிரிப்ட் செய்யப்படவில்லை. மூடியைச் சாத்தினால் முதலில் தூக்கம், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஹைபர்நேட் (நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது; அதிலிருந்து எழுவது ரெஸ்யூம்) என்று அமைத்திருந்தது. மின்வெட்டு அடிக்கடி வரும் இடம் என்பதால் அந்த அமைப்பை யாரும் குறை சொன்னதில்லை. காலையில் வந்து திறந்தால் விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கும்.

மாதத்தின் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். அக்கா வர மதியம் ஆகும். முதலாளிக்கு அதற்குள் ஒரு விரிதாள் வேண்டும். மடிக்கணினி மேசையில்தான் கிடக்கிறது. விளக்கு எரியவில்லை, விசிறி ஓடவில்லை, யார் பார்த்தாலும் ‘ஆஃப்’ என்றுதான் சொல்வார்கள். கடவுச்சொல் அக்காவுக்கு மட்டும் தெரியும். அலுவலகத்தில் கணினி தெரிந்த தம்பி ஒருவர் உண்டு. “அந்த ஒரு ஷீட்ட மட்டும் எடுத்துக் குடுப்பா” என்று முதலாளி சொல்ல, அவர் லைவ் பென்டிரைவை (தன்னிலிருந்தே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) செருகி, பயாஸில் அதிலிருந்து பூட் ஆகச் சொல்லி, உள்வட்டின் பகிர்வை மவுண்ட் செய்து, அதாவது கோப்புகளை அணுகத் திறந்து, கோப்பை நகலெடுத்தார்.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. கோப்பு மேலாளரில் படத்தின் மேல் கிளிக் செய்தால் எழுதும் உரிமையோடு மவுண்ட் ஆகிவிடும் என்று தெரிந்து, டெர்மினலில் போய் ‘ஆர்ஓ’ விருப்பத்தோடு, அதாவது படிக்க மட்டும் என்று சொல்லித்தான் மவுண்ட் செய்தார். விரிதாளை மின்னஞ்சலில் அனுப்பினார், முறைப்படி அன்மவுண்ட் செய்தார், அணைத்தார்.

மதியம் அக்கா வந்து பவர் பொத்தானை அழுத்தினார். ஸ்வாப்பிலிருந்த பிம்பம் நினைவகத்துக்குத் திரும்பியது. முந்தின நாள் திறந்து வைத்த பிரவுசர் டேப்கள், பாதியில் இருந்த விரிதாள், மின்னஞ்சல் நிரல் எல்லாம் அப்படியே வந்தன. சுமார் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் வேலை நடந்தது. அப்புறம் சேமிக்கப் போனால் ‘கோப்பு முறைமை படிக்க மட்டும்’ என்று மறுத்தது.

எனக்கு அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். தம்பி முதலில் சொன்ன வாக்கியம்: “அண்ணா, நான் எதையும் எழுதவே இல்ல, ரீட்-ஒன்லியாத்தான் போட்டேன்.” அவர் சொன்னது உண்மை. அவர் எதையும் எழுதவில்லை. எழுதியது அவர் பூட் செய்த கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு.

‘படிக்க மட்டும்’ என்ற மவுண்ட் என்னென்ன எழுதியது

ஹைபர்நேட் ஆகும்போது லினக்ஸ் கெர்னல் முதலில் சிங்க் செய்கிறது. நினைவகத்தில் தேங்கியிருக்கும் எழுத்துகளை வட்டுக்குத் தள்ளுகிறது. பிறகு நிரல்களை உறைய வைத்து, நினைவகத்தின் பிம்பத்தை எடுத்து ஸ்வாப்பில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. இந்த வரிசையில் எங்கேயும் அன்மவுண்ட் கிடையாது. கோப்பு முறைமையைப் பொறுத்தவரை அதன் உரிமையாளர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார். சூப்பர்பிளாக்கில், அதாவது கோப்பு முறைமையின் தலைமைக் குறிப்பில், ‘மீட்பு தேவை’ என்ற கொடி ஏற்றியபடியே இருக்கும். மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னலில் கமிட் ஆகி (பதிவாகி), இன்னும் தன் சொந்த இடத்துக்கு எழுதப்படாத பரிவர்த்தனைகள் இருக்கலாம்.

இப்போது வேறொரு கெர்னல் வந்து அந்தப் பகிர்வைத் திறக்கிறது. கொடியைப் பார்த்ததும் அது எடுக்கும் முடிவு: இந்தக் கணினி திடீரென்று மின்சாரம் போய் விழுந்திருக்கிறது, ஜர்னலை ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். ஹைபர்நேட் ஆன வட்டும் மின்சாரம் போன வட்டும் எக்ஸ்ட்4 கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ‘ஆர்ஓ’ என்று சொன்னாலும் இந்த மீட்பு நடக்கும். கெர்னல் இதை மறைப்பதும் இல்லை. படிக்க மட்டும் திறக்கும் கோப்பு முறைமைக்கு மீட்பு தேவைப்படுகிறது, மீட்பின்போது எழுதும் அனுமதி இயக்கப்படும் என்று தன் பதிவில் தெளிவாகவே எழுதுகிறது. மவுண்ட் கட்டளையின் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை உண்டு. ஆனால் டெர்மினலில் மவுண்ட் அடித்தவர் அந்தப் பதிவைத் தனியாகத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? கட்டளை தன் வேலையை முடித்துவிட்டு மௌனமாகத் திரும்பிவிடுகிறது.

ஜர்னலை ஓட்டுவது மட்டும் என்றால் சேதம் பெரிதாக இருந்திருக்காது. அதில் இருப்பவை தூங்கும் கெர்னலே பின்னால் எழுதப் போகிறவைதான். சிக்கல் அதற்கு அடுத்த இரண்டு வேலைகளில் இருக்கிறது.

ஒன்று, ஓட்டி முடித்ததும் ஜர்னல் காலி என்று வட்டில் குறித்து, வரிசை எண்ணையும் முன்னே தள்ளிவிடுகிறது. தூங்கும் கெர்னலின் நினைவில் ஜர்னலின் தலையும் வாலும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. எழுந்ததும் அது அங்கிருந்தே தொடரும். அது அடுத்த முறை ஜர்னலின் தலைப்பைப் புதுப்பிப்பதற்குள் மின்சாரம் போனால், அடுத்த பூட்டில் வட்டு ‘ஓட்ட ஒன்றுமில்லை’ என்று சொல்லும். இடையில் எழுதியவற்றுக்கு ஜர்னல் தரவேண்டிய பாதுகாப்பு அங்கே இல்லை.

இரண்டாவதுதான் இந்த நிகழ்வில் நிஜமாகவே கடித்தது: அநாதை ஐநோடுகளைச் சுத்தம் செய்தல். ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரக் குறிப்பு. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அதை அழித்தால், பெயர் உடனே போய்விடும். ஆனால் நிரல் மூடும்வரை உள்ளடக்கமும் அது இருக்கும் பிளாக்குகளும் (வட்டின் சிறு துண்டுகள்) இருக்கும். அப்படிப்பட்ட ஐநோடுகளை எக்ஸ்ட்4 வட்டிலேயே ஒரு பட்டியலில் கோத்து வைக்கிறது, கணினி விழுந்தால் அடுத்த மவுண்டில் துடைத்துவிடலாம் என்பதற்காக. பிரவுசரும் அலுவலக நிரல்களும் இப்படித் தற்காலிகக் கோப்புகளை வைத்திருப்பது சாதாரணம். இந்தக் கணினியில் இன்னொரு வகையும் இருந்தது. முந்தின நாள் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஓடி, சில லைப்ரரிகள் மாற்றப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பழைய லைப்ரரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பழையவை எல்லாம் அநாதைப் பட்டியலில்.

லைவ் கெர்னல் அந்தப் பட்டியலைப் பார்த்தது. ‘விழுந்த கணினி, இவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நிரல்கள் செத்துவிட்டன’ என்று நினைத்துக்கொண்டு அந்த ஐநோடுகளை விடுவித்தது. அவற்றின் பிளாக்குகள் காலி என்று, எவை காலி என்பதைக் காட்டும் பிட்மேப்பில் குறித்தது. அந்த நிரல்களோ ஸ்வாப்பில் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தன.

பேரேட்டை மூடாமல், பாதி வரவு செலவை மனதில் வைத்துக்கொண்டு தூங்கப் போன கணக்குப்பிள்ளை. இடையில் வேறொருவர் வந்து ‘பாவம், ஆள் செத்துப்போனார்’ என்று பேரேட்டை நேர்செய்து வைக்கிறார். முன்னவர் எழுந்து தன் நினைவை நம்பி அடுத்த வரியை எழுதத் தொடங்குகிறார். அவ்வளவுதான் விஷயம்.

இதை ஊகமாக விடக்கூடாது என்று ஒரு மெய்நிகர் கணினியில் அதே சூழலை உருவாக்கிப் பார்த்தேன். ஒரு கோப்பைத் திறந்து வைத்தபடி அழித்து, ஹைபர்நேட் செய்து, வட்டுப் பகிர்வின் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் எண்) எடுத்துக்கொண்டு, ‘ஆர்ஓ’ மவுண்ட், உடனே அன்மவுண்ட். ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை. மதிப்பு மாறியிருந்தது. அடுத்து, பிளாக்டெவ் கட்டளையால் சாதனத்தையே படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு அதே ‘ஆர்ஓ’ மவுண்ட். இந்த முறை கெர்னல், மீட்பு தேவை, எழுத வழியில்லை, தொடர முடியாது என்று மவுண்ட் செய்யவே மறுத்தது. பூட்டியபடியே, ஜர்னலை ஓட்டாதே என்று சொல்லும் ‘நோலோட்’ விருப்பத்தையும் சேர்த்தபோதுதான் மவுண்ட் ஆனது, மதிப்பும் மாறவில்லை.

எழுந்த பிறகு அரை மணி நேரம் ஏன் தாங்கியது

உடனே விழாமல் அரை மணி நேரம் ஓடியதுதான் எல்லோரையும் குழப்பியது. “காலையில் மவுண்ட் பண்ணியதால் என்றால் திறந்த உடனே காட்டியிருக்க வேண்டாமா?” என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி.

விழித்த கெர்னல் வட்டை மறுபடி படிப்பதில்லை. சூப்பர்பிளாக், பிளாக் குழுக்களின் (பகிர்வைப் பிரித்த பகுதிகளின்) விவரிப்பு அட்டவணை, அண்மையில் தொட்ட கோப்பகங்கள் எல்லாம் அதன் நினைவிலேயே இருக்கின்றன. அவற்றையே நம்பி வேலை செய்யும். வட்டில் என்ன மாறியிருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எல்லாமே நினைவில் இருப்பதும் இல்லை. ஹைபர்நேட் பிம்பத்தைச் சிறியதாக வைக்க, பிம்பம் எடுக்கும் முன் கெர்னல் நினைவகத்தைக் காலி செய்யப் பார்க்கும். இயல்பான இலக்கு மொத்த நினைவகத்தில் 5இல் 2 பங்கு. இந்தக் கணினியில் ஏறக்குறைய 3.2 ஜிபி. வட்டில் பத்திரமாக இருக்கும் பக்கங்கள்தான் முதலில் தூக்கி எறியப்படும், வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில். அப்படி எறியப்பட்டவற்றில் பல பிளாக் குழுக்களின் பிட்மேப்களும் அடக்கம்.

ஆகவே எழுந்த கெர்னலின் கையில் இருப்பது கலவை. பாதி நேற்றைய நினைவு, பாதி இன்று காலை வேறொருவர் திருத்திய வட்டு. நினைவில் இருக்கும் பகுதிகளைத் தொடும்வரை எல்லாம் ஓடும். எறிந்துவிட்ட ஒரு பிட்மேப்பை வட்டிலிருந்து திரும்ப எடுக்கும் கணத்தில்தான் இரண்டும் மோதும்.

அந்தக் கணத்தைக் கெர்னல் பதிவில் பார்க்க முடிந்தது. முதல் பிழை வரி: ஒரு பிளாக் குழுவின் பிட்மேப் செக்சம் (தரவு மாறாததைச் சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை. அந்தச் செக்சம் இருக்குமிடம் குழுவின் விவரிப்பில். விவரிப்பு நினைவில், நேற்றையது. பிட்மேப் வட்டிலிருந்து, இன்று காலையது. பொருந்தாமல் போனது சரிதான். அடுத்த வரியில் ஜர்னல் கைவிடப்பட்டது, அதற்கடுத்த வரியில் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்று மாறியது. பிழை வந்தால் அப்படி மாற வேண்டும் என்று, எந்தப் பகிர்வை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட்டுக்குப் போட்டிருந்தது.

மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய விவரங்களுக்கு) செக்சம் வைக்கும் வசதி, 2016இல் வந்த எக்ஸ்ட்4 கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.43இலிருந்து புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4 பகிர்வுகளில் இயல்பாகவே உண்டு. இந்த அலுவலகம் தப்பியது அதனால்தான் என்பேன். செக்சம் இல்லாத பழைய பகிர்வாக இருந்திருந்தால், எழுந்த கெர்னல் புதிய பிட்மேப்பை நம்பி, பழைய லைப்ரரி இருந்த பிளாக்கைப் புதிய விரிதாளுக்குக் கொடுத்திருக்கக்கூடும். லைப்ரரியைப் பிடித்திருக்கும் நிரல் தன் அடுத்த பக்கத்தைப் படிக்கப் போகும்போது அங்கே விரிதாளின் பைட்டுகள் இருக்கும். இலவச எண்ணிக்கையை ஒப்பிடும் சோதனை ஒன்று அந்தப் பகிர்விலும் உண்டு, அது பிடித்திருக்கலாம். பிடிக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்து ஏதாவது சேமித்திருந்தால் கதை இன்னும் மோசம். அதையும் மெய்நிகர் கணினியில் பார்த்தேன். இடையில் போட்ட கோப்பு ரெஸ்யூமுக்குப் பிறகு பட்டியலிலேயே இல்லை, ஏனென்றால் அந்தக் கோப்பகம் தூங்கியவரின் நினைவில் பழையபடி இருந்தது. ‘காப்பி பண்ணினேன், காணோம்’ என்று சொல்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் இதுதான்.

மீட்டது எப்படி

முதல் வேலை, அக்காவின் திறந்திருந்த விரிதாள். வட்டு பூட்டப்பட்டாலும் நிரல் நினைவகத்தில் உயிரோடு இருந்தது, அதில் அரை மணி நேரத் திருத்தங்கள் இருந்தன. பென்டிரைவைச் செருகினால் தானாக மவுண்ட் ஆகவில்லை. புதுக் கோப்புறை உருவாக்க அதற்கு இடமில்லை. முன்பே இருந்த எம்என்டி கோப்புறையில் கையால் மவுண்ட் செய்தோம். சேமிக்கும்போது நிரல் தற்காலிகக் கோப்பும் எழுதும் என்பதால், டிஎம்பி கோப்புறையின் மேல் ஒரு டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு முறைமை) போட்டோம். பிறகு ‘வேறு பெயரில் சேமி’ கேட்டது. கெர்னல் பதிவையும் அதே பென்டிரைவுக்கு எடுத்துக்கொண்டோம்; படிக்க மட்டும் ஆன ரூட்டில் அந்தப் பதிவு சேமிக்கப்பட்டிருக்காது, அணைத்தால் போய்விடும்.

மறுபடி ஹைபர்நேட் செய்யாமல் முழுதாக அணைத்தோம். எஃப்எஸ்சிகேயை உடனே ஓட்டவில்லை. வட்டு முழுவதையும் டிடிரெஸ்க்யூ கொண்டு வெளி வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலில் ஓட்டிப் பார்த்தோம். எஃப்எஸ்சிகே சரிசெய்யும் கருவி என்று பெயர். அது செய்வது முரண்பாட்டை நீக்குவது. அதற்காகக் கோப்பை வெட்டவும் தயங்காது. நகலில் கிடைத்தவை: பிட்மேப் வித்தியாசங்கள், தவறான காலி எண்ணிக்கைகள், அழிந்த நேரம் குறிக்கப்படாத சில ஐநோடுகள். ஒரே பிளாக்குக்கு இரண்டு கோப்புகள் உரிமை கோரும் வகை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அசல் வட்டில் ஓட்டினோம். இழப்பு என்று சொன்னால், ஜர்னல் கைவிடப்பட்ட நேரத்தை ஒட்டி வந்த சில மின்னஞ்சல்களின் உள்ளூர் நகல். அவை சேவையகத்தில் இருந்தன.

எதைத் தியாகம் செய்வது

அன்று காலை தம்பிக்கு என்ன வழி இருந்தது என்று பிறகு பேசிக்கொண்டோம். பூட்டிய சாதனத்தில் ‘நோலோட்’ போட்டுப் படிப்பது ஒரு வழி. வட்டு மாறாது, ரெஸ்யூமும் பாதுகாப்பாக நடக்கும். ஆனால் ஜர்னலில் மட்டும் இருக்கும் மாற்றங்கள் தெரியாது. நேற்று மாலை புதிதாக உருவாக்கிய கோப்பு கண்ணில் படாமல் போகலாம், பாதி பழைய நிலையில் தெரியவும் செய்யலாம். அவசரத்துக்கு ஒரு பழைய கோப்பு வேண்டும் என்றால் போதும்.

இன்னொரு வழி பலருக்கும் தலைகீழாகத் தோன்றும்: ஹைபர்நேட் பிம்பத்தைக் கொன்றுவிடுவது. பிம்பம் போய்விட்டால் கணினி சாதாரணமாகப் பூட் ஆகும், ஜர்னல் ஓடும், அநாதைகள் துடைக்கப்படும். மின்சாரம் போய் வந்த கணினிக்கு நடப்பது எதுவோ அது. எக்ஸ்ட்4 அதற்காகவே கட்டப்பட்டது. ஹைபர்நேட்டுக்கு முன் சிங்க் நடந்திருப்பதால் சேமித்தவை வட்டில் இருக்கும். போவது சேமிக்காத வேலை மட்டும்.

மக்கள் பயப்படுவது பிம்பம் போய்விடுமே என்றுதான். திறந்து வைத்த டேப்களைக் காப்பாற்ற அதைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். என் கணிப்பில் வட்டை யாராவது தொட்ட கணத்திலிருந்து அந்தப் பிம்பம்தான் கணினியிலேயே ஆபத்தான பொருள். வட்டைத் தொடலாம், அல்லது ரெஸ்யூம் செய்யலாம். இரண்டையும் செய்யக் கூடாது. தம்பி மவுண்ட் செய்ததில்கூடப் பாதகம் இல்லை, அதற்குப் பின் பிம்பத்தை உயிரோடு விட்டதுதான் சேதத்துக்கு வழி விட்டது.

கொல்வது எளிது. ஸ்வாப் பகிர்வின் முதல் பக்கத்தின் கடைசி 10 பைட்டுகளில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்ற முத்திரை இருக்கும். ஹைபர்நேட் ஆகும்போது அந்த இடத்தில் ‘எஸ்1சஸ்பெண்ட்’ என்று மாற்றி எழுதப்படுகிறது. பூட் ஆகும் கெர்னல் இந்த முத்திரையைப் பார்த்துத்தான் பிம்பம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. பார்த்ததும், பிம்பத்தை ஏற்றும் முன்பே, பழைய முத்திரையைத் திரும்ப எழுதிவிடுகிறது. ரெஸ்யூம் பாதியில் தோற்றால் இரண்டாவது முயற்சி கிடையாது. இது நல்ல வடிவமைப்பு. தோற்ற பிம்பத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கும் கணினியை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

லைவ் பென்டிரைவிலிருந்து அந்தப் பகிர்வின் மேல் ‘ஸ்வாப்ஆன்’ ஓட்டினால் போதும். ஹைபர்நேட் முத்திரையைக் கண்டுபிடித்து, கண்டதைத் திரையில் சொல்லிவிட்டு, சாதாரண ஸ்வாப் முத்திரையை எழுதிவிடும். விட்டுவைத்தால் அடுத்த ரெஸ்யூமில் தரவு சிதையும் என்று அந்த நிரலை எழுதியவர்கள் மூலக்குறியீட்டிலேயே குறிப்பு வைத்திருக்கிறார்கள். ‘நோரெஸ்யூம்’ என்று கெர்னல் வரியில் சேர்த்துப் பூட் செய்வதும் உண்டு. ஆனால் கெர்னல் அப்போது பிம்பத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறதே தவிர முத்திரையைத் தொடுவதில்லை. எஃப்எஸ்டேப் வழியாக அதே ஸ்வாப் இயங்கத் தொடங்கும்போதுதான் முத்திரை மாறுகிறது. ஸ்வாப் அதில் இல்லாத கணினியில் பழைய பிம்பம் காத்துக்கொண்டே இருக்கும், அடுத்த சாதாரண பூட்டுக்காக.

இதே விபத்து விண்டோஸில்

லினக்ஸ் ஹைபர்நேட் பயன்படுத்துவோர் குறைவு. இதே சிக்கலில் அதிகம் மாட்டுவது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பயனர் வெளியேற்றப்படுகிறார். கெர்னலும் டிரைவர்களும் ஹைபர்ஃபில்.சிஸ் கோப்பில் ஹைபர்நேட் ஆகின்றன. அதாவது அணைத்ததாக நினைக்கும் ஒவ்வொரு முறையும் சி டிரைவும் டி டிரைவும் மவுண்ட் ஆனபடியே தூங்குகின்றன. விசித்திரம் என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழு ஷட் டவுன் நடக்கும். லினக்ஸுக்குப் போக நினைப்பவர் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் போனால் பிரச்சினை இல்லை; மாலையில் ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு, காலையில் லினக்ஸில் நுழைபவருக்குத்தான் பிரச்சினை.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வுகளை லினக்ஸில் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் இங்கே எக்ஸ்ட்4ஐவிடச் சூட்டிகை. ஹைபர்ஃபில்.சிஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் ‘ஹைபர்’ என்பதன் நான்கெழுத்துக் குறியாக இருந்தால், எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்ய மறுக்கும். டி டிரைவில் அந்தக் கோப்பு கிடையாது, அது சியில் இருக்கிறது. அங்கே உதவுவது என்டிஎஃப்எஸ்ஸின் பதிவுக் கோப்பு. விண்டோஸ் 8க்குப் பிறகானவை ஓடும்போது அதை 2.0 பதிப்பு வடிவில் வைத்துக்கொள்கின்றன. முழுதாக வெளியேறும்போது 1.1க்கு இறக்கி வைக்கின்றன. 2.0 என்று இருந்தால் மெட்டாடேட்டா இன்னும் விண்டோஸின் கையில் இருக்கிறது என்று பொருள்.

இந்த மறுப்புச் செய்தியைப் பார்த்து எரிச்சலடைந்து, வலுக்கட்டாயமாகத் திறக்க வழி தேடுவோர் நிறைய. அந்த டிரைவரில் ஹைபர்ஃபில்லை அழித்துவிட்டுத் திறக்கும் விருப்பமும் உண்டு. அதுவும் பிம்பத்தைக் கொல்லும் வழிதான்; சேமிக்காத வேலை போகும், கோப்பு முறைமை பிழைக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் விண்டோஸில் நிர்வாகியாக ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் ஹைபர்நேட்டையே நிறுத்திவிடலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போகும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அந்த ஒரு முறைக்கு முழுதாக அணையும்.

தன் வீட்டிலேயே வரிசை தவறினால்

பென்டிரைவ் இல்லாமலும் இதே விபத்தை வரவழைக்கலாம். கணினி பூட் ஆகும் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகச் சிறு அமைப்பு, ரூட்டை மவுண்ட் செய்யும் முன் ரெஸ்யூமை முயல வேண்டும்.  கெர்னலோடு வரும் ஹைபர்நேட் ஆவணமும் பல ஆண்டுகளாக இதையே பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது: இடையில் வட்டைத் தொட்டால் தரவுக்கு விடைகொடுத்துவிடுங்கள் என்று.

ஸ்வாப்பைத் தனிப் பகிர்வாக வைக்காமல் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு ‘ரெஸ்யூம் ஆஃப்செட்’ என்று ஓர் எண்ணைக் கெர்னல் வரியில் எழுத வேண்டியிருப்பதும் இதனால்தான். கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட மவுண்ட் செய்ய வேண்டும். மவுண்ட் செய்தாலே காரியம் கெட்டது. அதனால் அதன் முதல் பிளாக் வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வெளி வட்டுகள் தனி வில்லங்கம். பென்டிரைவ் மவுண்ட் ஆனபடி ஹைபர்நேட் செய்து, அதைப் பிடுங்கி வேறு கணினியில் எழுதி, திரும்பச் செருகி எழுப்பினால், அதே வரிசை எண் கொண்ட அதே சாதனம்தான் என்று கெர்னல் நம்பிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது மாறியதா என்று அது பார்ப்பதில்லை. கார்டு ரீடரில் கார்டை மாற்றினாலும் அப்படியே.

அலுவலகத்தில் மாற்றியவை

ஹைபர்நேட்டையே நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் போகும் ஊரில் பேட்டரி தீர்ந்து சேமிக்காத வேலை போவது மாதாமாதம் நடக்கும், பென்டிரைவ் கதை என்றோ ஒரு நாள் நடப்பது என்றார். அவர் கணக்கு சரி. அமைப்பு அப்படியே இருக்கிறது.

அந்த மடிக்கணினியில் முதலாளிக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்கினோம். இனி அவசரம் என்றால் பவர் பொத்தானை அழுத்தி எழுப்பி, பூட்டுத் திரையில் வேறு பயனராக உள்ளே போகலாம். அக்காவின் அமர்வு பின்னால் அப்படியே இருக்கும், கோப்பு முறைமைக்கு உரிமையாளர் ஒரே கெர்னல்தான். தாக்கலுக்கான விரிதாள்களைப் பகிர்ந்த கோப்புறைக்கு நகர்த்தினோம், பாதி அவசரங்கள் அதிலேயே தீர்ந்தன.

தம்பியின் லைவ் பென்டிரைவில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் சேர்ந்தது. உள்வட்டின் எல்லாப் பகிர்வுகளையும் முதலில் பிளாக்டெவ்வால் பூட்டிவிடும். பிறகு பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டி, எந்தப் பகிர்வின் வகையாவது ‘ஸ்வாப்’ என்பதற்குப் பதில் ‘எஸ்டபிள்யூசஸ்பெண்ட்’ என்று வருகிறதா பார்க்கும். வந்தால் இரண்டு கேள்வி மட்டும் கேட்கும்: பிம்பத்தைக் கொன்றுவிட்டுத் திறக்கவா, பூட்டியபடி ‘நோலோட்’ போட்டுப் பார்க்கவா? மூன்றாவது வழி அதில் இல்லை. விண்டோஸ் பகிர்வுகளுக்கு ஹைபர்ஃபில்லைச் சோதிக்கும் வரியை அவரே பின்னால் சேர்த்துக்கொண்டார், வாடிக்கையாளர்களின் கணினியைப் பார்க்கும்போது அதுதான் அதிகம் தேவைப்படுகிறது என்று சொல்லி.